சரக்குப் பாதை வகுக்க வருகிறவர்களுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது பொறியியல் முடித்துவிட்டு லாரி நிறுவனங்களின் கணினி அறைகளில் வேலைக்குச் சேர்கிறார்கள். அப்பா ஸ்டியரிங் பிடித்த வீடுகளில் பிள்ளைகள் அந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். இதைப் பார்க்க எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது. இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற உரிமையில், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எண் போட்டு எழுதுகிறேன். மின்சார லாரி வந்துகொண்டிருக்கிறது. வழித்திட்டம் போடும் மென்பொருளும் நாளுக்கு நாள் கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொள்கிறது. ஆனால் அது போட்டுத் தரும் பாதையில் ஓடப்போவது 40 டன் இரும்பும் சரக்கும். ஆகவே எடையும் வேகமும் உயரமும் முதலில் பேசட்டும், உங்கள் நிரல் அவற்றுக்குப் பிறகு பேசட்டும். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

1. கிலோமீட்டரிலிருந்து தொடங்காதீர்கள்.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அங்கிருந்து திரும்பி வந்தாலும் அதே 350தான். வரைபடத்துக்கு இரண்டும் ஒன்று, டீசல் டேங்குக்கு அப்படி இல்லை. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சரக்கோடு சேர்த்து 40 டன் எடையுள்ள டிரெய்லரை அந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துச் சூத்திரத்திலேயே பார்த்துவிடலாம். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 35 கோடி ஜூல் வரும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறக்குறைய 3.6 கோடி ஜூல். நல்ல எஞ்சினே அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைத்தான் வேலையாக மாற்றும். அப்படியானால் உயரம் ஏறுவதற்கு மட்டும் 25 லிட்டர் போகிறது. சாலையில் உருள்வதற்கான செலவு அதற்கு மேல் தனி. திரும்பி வரும்போது அதே உயரம் வண்டியைத் தள்ளிக்கொடுக்கும், டீசல் கணிசமாக மிஞ்சும்.

ஆகவே உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் இரண்டு செலவுகள் இருக்க வேண்டும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. அந்தச் செலவு வண்டியின் எடையைப் பொறுத்தும் மாற வேண்டும். பஞ்சு ஏற்றிய லாரிக்கும் கம்பி ஏற்றிய லாரிக்கும் ஒரே பாதை நல்ல பாதையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

2. விசைகளைக் கையால் கணக்கிட்டுப் பழகுங்கள்.

மென்பொருள் எல்லாம் செய்துவிடும் என்று விட்டுவிட்டால், அது தவறான எண்ணைக் கொடுக்கும் நாளில் உங்களுக்குத் தெரியாமல் போகும். அதே 40 டன் வண்டி, நல்ல ரேடியல் டயர், நல்ல தார்ச்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் உருளும்போது எழும் தடை சுமார் 2,350 நியூட்டன், வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. காற்று தடுக்கும் விசை 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,050 நியூட்டன் அளவில் இருக்கும். 80 கிலோமீட்டருக்குப் போனால் 1,870 ஆகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றம் வந்தால் 19,600 நியூட்டன். முதல் இரண்டையும் கூட்டினாலும் ஏற்றத்தின் கால்பங்குக்குக்கூட வராது.

இந்த எண்கள் மனதில் இருந்தால் பல வாக்குவாதங்கள் உடனே தீரும். 300 கிலோமீட்டர் சமதரையை 60ல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். 80ல் ஓட்டினால் மூன்றே முக்கால் மணி. அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஏறக்குறைய 17 லிட்டர் டீசல். மீன் லாரிக்கு அது நியாயமான விலை, சிமெண்ட் லாரிக்கு வீண். எந்தச் சரக்குக்கு நேரம் எவ்வளவு பெறும் என்பதைக் கணினிக்குச் சொல்லித்தர வேண்டியவர் நீங்கள். கடலிலும் இதே இயற்பியல்தான் நடக்கிறது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ஓடின. கப்பலுக்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எரிபொருள் நிறைய மிஞ்சியது.

3. நின்று கிளம்புவதைச் செலவில் சேருங்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த வண்டிக்குள் சுமார் 55 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் பிடித்து நிறுத்தினால் அது முழுக்கச் சூடாகிப் போய்விடும். மறுபடி அதே வேகத்துக்கு வர ஏறக்குறைய 400 மில்லி டீசல் வேண்டும். ஒரு பாதையில் பதினைந்து சிக்னல், வேகத்தடை, ரயில்வே கேட் இருந்தால் ஆறு லிட்டர் அங்கேயே போயிற்று. 2021 பிப்ரவரியில் டோல்கேட்டில் ஃபாஸ்டாக் கட்டாயமானபோது பலரும் நேரம் மிச்சம் என்று மட்டும் பார்த்தார்கள். நிற்காமல் உருண்டு போகும் வண்டியில் டீசலும் மிச்சம். அமெரிக்காவில் யுபிஎஸ் நிறுவனம் தன் வண்டிகள் எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டித் திரும்புவதைத் தவிர்க்கும்படி பாதை போடுகிறது. அங்கே அது இடதுபுறத் திருப்பம், சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நமக்கு வலதுபுறத் திருப்பம். சுற்றிப் போவதால் தூரம் சற்றுக் கூடினாலும் காத்து நிற்பது குறைகிறது.

4. இறக்கத்தை ஏற்றத்தைவிடக் கவனமாகப் பாருங்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். டீசலை மிச்சப்படுத்த நினைத்து நியூட்ரலில் வண்டியை விட்டு இறங்குவது அங்கே நடக்கும் விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம். இதன் இயற்பியலை ஒவ்வொரு பாதைத் திட்டக்காரரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இருபதுக்கு ஒன்று இறக்கத்தில் 40 டன் வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்து வைத்திருக்க, ஏறக்குறைய 190 கிலோவாட் வெப்பத்தை இடைவிடாமல் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். 250 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழு மூச்சில் ஓடுவதற்குச் சமமான வெப்பம் அது. கியரில் இருந்தால் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் காய்ந்து விரிந்தபின் பிரேக் பிடிக்காது. வேகத்தைப் பாதியாக்கினால் அந்த வெப்பமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

உங்கள் திட்டத்தில் நீண்ட இறக்கம் வரும் பாதைகளுக்குத் தனி வேகம், தனி நேரம் கொடுங்கள். தொப்பூர் இறக்கத்தைச் சமதரை வேகத்தில் கணக்கிட்டு, இத்தனை மணிக்குச் சேலத்தில் இருக்க வேண்டும் என்று டிரிப் ஷீட் அச்சடித்துக் கொடுத்தால், அந்த டிரைவரை அவசரப்படுத்துவது உங்கள் எண்தான். இதில் நான் சமரசம் செய்யவே மாட்டேன்.

5. காலி வண்டி சும்மா ஓடுவதாக நினைக்காதீர்கள்.

15 டன் காலி டிரெய்லர் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, முழு லோடோடு ஓடுவதற்குத் தேவையான விசையில் பாதிக்கு மேல் தேவைப்படுகிறது. காற்றுக்கு வண்டி காலியா நிறைவா என்று தெரியாது. ரிட்டன் லோடு தேடி புக்கிங் ஆபீஸ் வாசலில் டிரைவர்கள் நாள்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். பாதைக் கணக்கையும் லோடு பொருத்தும் கணக்கையும் தனித்தனியே போடாதீர்கள். இரண்டும் ஒரே கணக்கு.

இதில் பழைய ஆள் ஒருவரை நினைத்துக்கொள்வது நல்லது. பிரான்ஸ் நாட்டுக் கணிதர் காஸ்பார் மோன்ஜ் 1781ல் மண் மேடுகளைப் பள்ளங்களுக்குக் கொண்டு போய்க் கொட்டும் செலவைக் குறைப்பது எப்படி என்று எழுதினார். சிறந்த திட்டத்தில் இரண்டு சுமைகளின் வழிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாது என்பது அவர் கண்டது. அந்தக் கேள்வியைப் பிறகு சோவியத் நாட்டின் கான்டரோவிச் நேரியல் திட்டமாக்கினார், 1975ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றும் ஒரே தர சிமெண்டை ஏற்றிய இரண்டு லாரிகள் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று நெடுஞ்சாலையில் எதிரெதிரே கடந்து போகின்றன. மூட்டையில் அச்சிட்ட பெயர் வேறு என்பதுதான் காரணம். அதை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம், ஆனால் உங்கள் சொந்த நிறுவனத்து லோடுகள் இப்படிக் குறுக்கே வெட்டினால் அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

6. எல்லா வழிகளையும் எண்ணிப் பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பத்துக் கடைகளுக்குச் சரக்கு இறக்க வேண்டும் என்றால் 36,28,800 வரிசைகள் இருக்கின்றன. கணினிக்கு இது பொருட்டே இல்லை. கடைகள் இருபதானால், வினாடிக்கு ஒரு கோடி வரிசைகளைச் சரிபார்க்கும் கணினிக்குக்கூட 7,700 ஆண்டுகள் ஆகும். பல லாரிகளுக்கு இப்படிக் கடைகளைப் பங்கிட்டு வரிசைப்படுத்தும் கேள்வியை டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் 1959ல் முதன்முதலில் ஒழுங்காக எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு கிடங்கிலிருந்து பெட்ரோல் பங்குகளுக்குப் போகும் டேங்கர் லாரிகள். நம் ஊர் டேங்கர்காரர்களுக்கு இந்த இயலின் பிறப்பிலேயே பங்கிருக்கிறது என்று சொல்லலாம்.

1964ல் கிளார்க், ரைட் என்ற இருவர் எளிய வழி ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் தனி வண்டி அனுப்புவதாக வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். எந்த இரண்டு கடைகளை ஒரே வண்டியில் சேர்த்தால் அதிகத் தூரம் மிச்சமாகுமோ அவற்றை முதலில் சேர்க்க வேண்டும், அப்படியே தொடர வேண்டும். இதைத் தாளில் ஒரு முறை செய்து பாருங்கள். எந்த மென்பொருளின் விடையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைவிட மோசமான விடை வந்தால் மென்பொருளில் ஏதோ கோளாறு.

அடுத்து, இயற்பியலிலிருந்து நேரடியாக வந்த முறை ஒன்று. உலோகத்தைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் அதன் அணுக்கள் குறைந்த ஆற்றலுள்ள ஒழுங்குக்கு வந்து அமர்கின்றன, சட்டென்று குளிர்வித்தால் குறைகளோடு உறைந்துவிடுகின்றன. 1983ல் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெச்சி மூவரும் இந்த நடத்தையைக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் மோசமான மாற்றங்களையும் சில நேரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். வெப்பநிலை என்ற எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நல்ல மாற்றங்களை மட்டும் ஏற்க வேண்டும். அவசரமாகக் குளிர்வித்தால் முதலில் அகப்பட்ட சுமாரான விடையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மாலை ஐந்து மணிக்குத் திட்டம் வேண்டும் என்று மேலாளர் கேட்டால் மதியமே ஓடவிடுங்கள்.

7. மின்சார லாரிக்குப் பழைய நிரலை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வரப்போகிற காலத்தின் திறவுகோல் இங்கே இருக்கிறது என்று நம்புவதால்.

குறுகிய பாதை காண எல்லோரும் முதலில் கற்பது டைக்ஸ்ட்ராவின் முறை. 1956ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் அதை யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1959ல் அச்சில் வந்தது. அந்த முறை ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது, எந்தச் சாலைத் துண்டின் செலவும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. டீசல் வண்டிக்கு இது எப்போதும் உண்மை. எவ்வளவு இறக்கத்தில் இறங்கினாலும் டேங்கில் டீசல் ஊறுவதில்லை.

மின்சார லாரியில் ஊறும். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புகிறது, அந்தத் துண்டின் செலவு எதிர்ம எண் ஆகிறது. டைக்ஸ்ட்ராவின் முறை ஓர் ஊருக்கு இதுதான் குறைந்த செலவு என்று முடிவு கட்டிய பிறகு திரும்பிப் பார்க்காது. பின்னால் ஓர் இறக்கம் வந்து அதைவிட மலிவான வழி கிடைத்தாலும் தவற விட்டுவிடும். எதிர்ம எண்களைத் தாங்கும் பெல்மன் ஃபோர்டு முறை இருக்கிறது. ஆனால் நாடு தழுவிய வரைபடத்தில் அது மிகவும் மெதுவாக ஓடும்.

இயற்பியல் இங்கே கைகொடுக்கிறது. சங்ககிரியில் கிளம்பி எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடி சங்ககிரிக்கே வந்தால், பேட்டரியில் கிளம்பியபோது இருந்ததைவிட அதிக மின்சாரம் இருக்க முடியுமா? முடியாது. ஆற்றல் அழியா விதி அதை அனுமதிக்காது. ஆகவே வரைபடத்தில் எதிர்மச் செலவுள்ள சுற்று எதுவும் இருக்க முடியாது. அது மட்டும் போதும். ஒவ்வொரு ஊருக்கும் அதன் உயரத்துக்கு ஏற்ற நிலை ஆற்றலை ஓர் எண்ணாகக் கொடுங்கள். ஒவ்வொரு சாலைத் துண்டின் செலவிலும், தொடங்கும் ஊரின் எண்ணைக் கூட்டி, முடியும் ஊரின் எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது டயரிலும் காற்றிலும் மோட்டாரிலும் பேட்டரியிலும் உண்மையாகவே தொலைந்த ஆற்றல் மட்டும். தொலைந்தது ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. டைக்ஸ்ட்ராவின் முறை மறுபடி முழு வேகத்தில் ஓடும், விடையும் மாறாது. ஏனென்றால் கிளம்பும் ஊரும் சேரும் ஊரும் மாறாமல் இருக்கும்போது எல்லா வழிகளுக்கும் ஒரே அளவு எண்தான் கூடிக் கழிந்திருக்கிறது. கணித நூல்களில் ஜான்சன் முறை என்று வரும் இந்த உத்திக்குத் தேவைப்படும் எண்களை மலைகளே எழுதி வைத்திருக்கின்றன. இதை முதல் முறை புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். காய்கறி ஏற்றிய 16 டன் லாரி அங்கே விடும் ஆற்றல் சுமார் 83 யூனிட் மின்சாரம். அதில் பாதி திரும்பக் கிடைத்தாலே நாற்பது யூனிட். அந்த லாரியை ஊட்டியிலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி அனுப்பினால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவதோடு, சாதாரண பிரேக்கின் மேல் முழுச் சுமையும் விழும். எங்கே சார்ஜ் ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்பதும் பாதைக் கணக்கின் உள்ளேயே வர வேண்டும்.

8. பேட்டரியும் ஒரு லோடுதான்.

40 டன் வண்டிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.1 யூனிட் வேண்டும். 300 கிலோமீட்டருக்கு 330 யூனிட். கிலோவுக்கு 150 வாட் மணி தாங்கும் பேட்டரி என்றால் அதன் எடை 2.2 டன். அதே தூரத்துக்கு டீசல் 60 கிலோதான். பேட்டரியைப் பெரிதாக்கினால் சரக்கு குறையும், சிறிதாக்கினால் நடுவில் நிற்க வேண்டும். அதனால் தொடக்கத்தில் மின்சார லாரிகளை துறைமுகம், கிடங்கு, ஆலை என்று குறிப்பிட்ட இடங்களுக்கு இடையே தினமும் ஓடும் குறுகிய ஓட்டங்களில் போடச் சொல்லுங்கள்.

9. வரிசையில் நிற்கும் நேரத்தை மதியுங்கள்.

துறைமுக வாசலில் 60 கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன, மணிக்கு 20 வண்டிகள் உள்ளே போகின்றன என்றால் ஒரு வண்டி காத்திருப்பது மூன்று மணி நேரம். இது லிட்டிலின் விதி, வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று பலருக்கு உள்ளுணர்வில் பிடிபடாது. வண்டிகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும், ஒவ்வொன்றையும் கவனிக்கும் நேரமும் ஒழுங்கில்லாமல் மாறும் ஒற்றை வாசலில், வாசல் பாதி நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு வண்டியைக் கவனிக்கும் நேரம். 90 சதவீதம் வேலையாக இருந்தால் அதைப் போல் ஒன்பது மடங்கு. 95 சதவீதம் என்றால் பத்தொன்பது மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்க நினைக்கும் மேலாளரிடம் இந்த மூன்று எண்களைக் காட்டுங்கள்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது வாளையாறு வழியாகக் கேரளம் போன லாரிக்காரர்களுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. ஒரு கிலோமீட்டர் சாலைகூடப் புதிதாகப் போடாமல் பாதை சுருங்கியது.

10. உங்கள் வண்டிகளே நெரிசலாகிவிடலாம்.

ஒரு லாரிக்குப் பாதை போடும்போது மற்ற போக்குவரத்து வானிலைபோல வெளியே இருக்கும் ஒன்று. ஐந்நூறு லாரிகளுக்குப் போடும்போது அப்படியில்லை. 1952ல் வார்ட்ராப் என்பவர் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். அவரவர் தனக்கு விரைவான வழியைத் தேர்ந்தால் ஒரு சமநிலை வரும். எல்லோருடைய மொத்த நேரமும் குறைய வேண்டுமென்றால் வேறொரு பங்கீடு வரும். இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. 1968ல் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணிதர் இன்னும் திகைப்பான ஒன்றைக் காட்டினார். சில வலையமைப்புகளில் புதிதாக ஒரு சாலையைத் திறந்தால் எல்லோருடைய பயண நேரமும் கூடும். இதைச் சுருள்வில்களாலும் செய்து காட்டலாம். எடை ஒன்றைத் தாங்கும் வில்களுக்கு நடுவே உள்ள இணைப்புக் கயிற்றை அறுத்தால் எடை கீழே இறங்குவதற்குப் பதில் மேலே எழும்படி ஓர் அமைப்பைக் கட்ட முடியும். கண்ணால் பார்த்தவர்களுக்கு அதன் பின் சந்தேகம் இருக்காது.

நெரிசலுக்குக் காரணம் என்று ஒன்று வெளியே இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 2008ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடை எதுவும் இல்லாமலே கொஞ்ச நேரத்தில் நெரிசல் அலை உருவாகிப் பின்னோக்கி நகர்ந்தது. ஆகவே உங்கள் வண்டிகளை ஒரே நேரத்தில் கிடங்கிலிருந்து வெளியே விடாதீர்கள். பதினைந்து நிமிட இடைவெளிகூட உதவும்.

11. ஓவர்லோடு கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், சாலைச் சேதம் ஆக்சில் எடையின் நான்கு மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவது தெரிந்தது. 20 சதவீதம் கூடுதல் எடை ஏற்றினால் சாலைக்கு இரண்டு மடங்கு சேதம். அந்தச் செலவு உங்கள் கணக்கில் வராது, ஊர் கணக்கில் வரும். எடை வரம்பை நிரலில் மீற முடியாத எல்லையாக எழுதுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்ற வாய்ப்பையே கணினிக்குக் கொடுக்காதீர்கள். இரவில் பந்திப்பூர் காட்டுவழி ஒன்பது மணி முதல் ஆறு மணி வரை மூடியிருப்பதும், திம்பம் மலைப்பாதையில் கனரக வண்டிகளுக்கு இரவுத் தடை இருப்பதும் அதே வகை. யானைக்கும் புலிக்கும் உரிய நேரம் அது.

12. குவாண்டம் கணினி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

2019ல் லிஸ்பன் நகரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சில பேருந்துகளுக்கு டி-வேவ் குவாண்டம் கணினியால் பாதை போட்டுக் காட்டியது. நல்ல முயற்சிதான், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் வட்டாரச் சாலைகளின் உயரமும் சரிவும் சரியாக இல்லாத வரைபடத்தில் எந்தக் கணினியும் நல்ல விடை தராது. முதலில் அதைத் திருத்துங்கள்.

13. இந்தச் சரக்கு லாரியில்தான் போக வேண்டுமா என்று கேளுங்கள்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் தடை, தார்ச்சாலையில் டயர் உருளும் தடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. தூரம் அதிகமாக, சரக்கு கனமாக, அவசரம் குறைவாக இருந்தால் ரயிலுக்கு வழி விடுங்கள். இரண்டு முனையிலும் ஏற்றி இறக்கும் செலவையும் நேரத்தையும் மறக்காமல் சேர்த்துப் பாருங்கள். குறைந்த தூரத்தில் அதுவே மிச்சத்தைத் தின்றுவிடும். ரயில் நிலையம் வரை, துறைமுகம் வரை கொண்டு சேர்க்க லாரி எப்போதும் வேண்டும். நம் தொழில் அழியாது.

14. டிரைவரைச் செலவாகப் பார்க்காதீர்கள்.

உகப்பாக்கக் கணக்கில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று குறைக்க வேண்டிய செலவு, மற்றது மீறக்கூடாத கட்டுப்பாடுகள். டிரைவரின் தூக்கத்தை முதல் பகுதியில் வைத்தால், போதிய லாபம் வரும் நாளில் கணினி அதை விற்றுவிடும். ஆகவே இரண்டாம் பகுதியில் வையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தூர லாரிகளில் அது எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்பதை உங்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருப்பீர்கள். உங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும் வெற்றிலையையும் டீயையும் நம்பி இரவைக் கடந்தவர்கள். அந்த நிலையை மாற்றும் இடத்தில் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டம் சொல்லும் மணி நேரத்தை நிரலில் ஒரு வரியாக எழுதிவிட்டால், எந்த மேலாளரின் அவசரமும் அதைத் தாண்டிப் பாதை வாங்க முடியாது.

அந்தத் தூக்கத்துக்கு ஓர் இடமும் வேண்டும். எட்டு மணி நேரம் முடியும் இடத்தில் 40 டன் வண்டியை நிறுத்தத் தளம், வெளிச்சம், குளிக்கத் தண்ணீர், கழிப்பறை, சரக்குக்குக் காவல் எதுவும் இல்லையென்றால், சாலையோரத்தில் நிறுத்திவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் நிலையங்களை எங்கே வைப்பது என்று இப்போது திட்டம் போடுகிறவர்கள், அதே இடத்தில் டிரைவர் தூங்கவும் வசதி செய்ய வேண்டும். பேட்டரி நிரம்பும் நேரமும் மனிதர் ஓய்வெடுக்கும் நேரமும் ஒன்றாக அமைவது இந்தத் தொழிலுக்கு முதல்முறையாகக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. உங்கள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். டோல்கேட் எல்லாம் இருக்கும், பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்கும். லாரிகள் பத்திரமாக நிற்கும் இடங்கள் அதில் இல்லையென்றால், வேறு எந்த வேலையையும் தொடும் முன் அவற்றை உங்கள் டிரைவர்களிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.